பேட்டரியைக் கழற்றிய சாட்சி

2004-ஆம் ஆண்டு, பொங்கல் விடுமுறையில் திண்டுக்கல் பேகம்பூரில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் எங்கள் வீட்டுக்கு முதல் செல்போன் வந்தது. அந்த நாட்களில் வீட்டில் மவுசு யாருக்கு, கல்யாணப் பெண்ணுக்கா செல்போனுக்கா என்று கேட்டால், யோசிக்காமல் செல்போனுக்கு என்றுதான் சொல்வேன்.

எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்று கூப்பிடுவோம். அத்தாவுக்குத் தோல் கமிஷன் வியாபாரம். கல்யாண வேலைக்கு உதவியாக இருக்கும் என்று செல்போனை வாங்கி, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து மனிதர் எங்கள் கையில் சிக்கவில்லை. பந்தல்காரர், பாத்திரக்காரர், பிரியாணி சமைக்கும் பண்டாரி, மதுரைச் சொந்தம், வத்தலக்குண்டுச் சொந்தம் என்று போன் அடித்துக்கொண்டே இருக்கும். அடிக்காவிட்டால் இவராகவே யாரையாவது கூப்பிட்டு, ஒன்றுமில்லை, சும்மாதான் என்பார். வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைக்காது. அதனால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வாசலுக்கு ஓடுவார். இவர் போடுகிற சத்தம் மதுரைக்கு நேராகவே கேட்குமே, இதற்கு எதற்குப் போன் என்று அம்மா கேலி செய்வாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அப்போது ஆசிரியர் பயிற்சி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பரீட்சைக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. பெண் பார்க்க வந்தபோது, படிப்பை முடித்துவிட்டே வரட்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் தோல் பைக் கடை. கல்யாணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே யாரிடமோ சொன்னதில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. விருந்து முடிந்த கையோடு என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறார்களாம். படிப்பை அங்கே பார்த்துக்கொள்ளலாமாம். சம்பந்திகள் இரண்டு பேரும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். பாதியில் விட்ட பயிற்சியை அப்படி ஊர் மாற்றி நினைத்த இடத்தில் தொடர முடியாது என்பது பேசி முடித்தவர்களுக்குத் தெரியவில்லை.

அத்தாவிடம் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். காலையில் டீயைக் கொடுத்துவிட்டு, "அத்தா, என் படிப்பு விஷயமா..." என்று ஆரம்பித்தேன். போன் அடித்தது. ஒரு விரலை உயர்த்திக் காட்டி, "செத்த பொறும்மா" என்று வாசலுக்குப் போனார். பேசிவிட்டு அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாயங்காலமும் அதே விரல், அதே செத்த பொறு. மறுநாள் அரை வாக்கியத்திலிருந்து முக்கால் வாக்கியம் வரை முன்னேறினேன். அம்மாவிடம் சொன்னால், அத்தாவைக் கேளு என்று விட்டாள். அத்தா பொல்லாத மனிதர் இல்லை. என் மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக அழுகை வந்தது.

கல்யாண நாளும் வந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில், நிக்காஹ்வுக்கு முன்னால் பெண்ணைப் பெற்றவர் இரண்டு சாட்சிகளோடு பெண் இருக்கும் அறைக்கு வருவார். இன்னாருடைய மகனுக்கு, இவ்வளவு மஹருக்கு, அதாவது மணக்கொடைக்கு, உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்பார். அவள் சொல்வதைச் சாட்சிகள் காதால் கேட்டு, சபையில் போய்ச் சொல்ல வேண்டும். வெட்கத்தில் பெண் வாய் திறக்காவிட்டாலும் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் அத்தையோ பெரியம்மாவோ, சொல்லிட்டா சொல்லிட்டா என்று முடித்துவைத்துவிடுவார்கள்.

மாடி அறையில் பெண்கள் சூழ நான் உட்கார்ந்திருந்தேன். கீழே ஹாலில் மாப்பிள்ளையும் சபையும் காத்திருந்தார்கள். அத்தா வந்தார். சாட்சிகளில் ஒருவர் என் தாய்மாமா. இன்னொருவர் மாப்பிள்ளையின் அக்கா கணவர். அவரை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். எங்கள் ஊர் நாகல் நகரில் செல்போன் கடை வைத்திருக்கிறார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு இருந்த எரிச்சலில், வந்து சேர்ந்தாரய்யா இன்னொரு செல்போன்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தா கேட்டார். உலகத்திலேயே இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் என் பதிலைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு, "அத்தா, நான் படிப்பை..." என்று தொடங்கினேன்.

அவர் நெஞ்சின் மேல் கிடந்த போன் அலறியது. அதன் ராகம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். பழக்க தோஷம், விரல் உயர்ந்தது. ஜன்னல் பக்கம் போய், "சொல்லுங்க பண்டாரி, என்னது, தம் பிரிக்கவா, கேக்கல" என்று கத்தினார். நான் மீதியைச் சொல்லி முடித்தேன். அது என் காதிலேயே விழவில்லை. பெரியம்மா என் தோளை அணைத்துக்கொண்டு, சொல்லிட்டா, சம்மதம்னு சொல்லிட்டா என்றார். தாய்மாமா தலையை ஆட்டினார். அத்தாவும் போனை அமுக்கிவிட்டு, சரி வாங்க போகலாம் என்று படிப் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தச் செல்போன் கடைக்காரர் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"மாமா, எனக்குக் காதுல விழுகல. விழுகாததுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்றது? மறுபடி கேளுங்க."

அத்தா சங்கடமாகச் சிரித்தார். கீழே எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று தாய்மாமா முணுமுணுத்தார். அதற்குள் போன் மறுபடி அடித்தது. அத்தாவுக்கு அதை எடுக்கத் தெரியும், முழுவதுமாக நிறுத்தத் தெரியாது. அந்த மனிதர் கையை நீட்டினார். அத்தா கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். அவர் பின்பக்க மூடியைத் தள்ளி, பேட்டரியை எடுத்து, போனைத் தனியாகவும் பேட்டரியைத் தனியாகவும் ஜன்னல் கட்டையில் வைத்தார். அவ்வளவு அமைதியை ஒரு மாதமாக நான் கேட்டதில்லை.

அத்தா மறுபடி கேட்டார். இந்த முறை என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குச் சம்மதம்தான்த்தா. ஆனா படிப்பை முடிச்சிட்டுத்தான் சென்னைக்குப் போவேன். இதை இம்புட்டு நாளா சொல்ல வந்தேன், நீங்க கேக்கவே இல்ல."

பெரியம்மா என் தொடையில் கிள்ளினார். அத்தா பக்கத்தில் கிடந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ சாட்சிகளைப் பார்த்து, தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். போன வாரமே மாப்பிள்ளை போன் செய்து, சென்னைக்கு உடனே வருவதில் பெண்ணுக்கு இஷ்டமா என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லச் சொன்னாராம். கேட்கிறேன் என்று இவரும் சொன்னாராம். அதற்குள் இன்னொரு போன் வந்துவிட்டதாம்.

"நான்தான் மறந்துட்டேன்" என்றார்.

செல்போன் கடைக்காரர், நான் கீழே போய் மாப்பிள்ளையிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று இறங்கினார். அவர் திரும்பி வரும்வரை நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெரியாது. சபையில் வைத்து மானத்தை வாங்கிவிட்டாளே என்று யாரோ என் காதுபடவே சொன்னார்கள். மாப்பிள்ளை எழுந்து போய்விட்டால் அத்தா எப்படித் தெருவில் தலைகாட்டுவார் என்று நினைத்தபோது, பேசாமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கட்டையில் கிடந்த போனை அத்தா எடுக்கவே இல்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவர் வாசலில் நின்றபடியே சொன்னார். பதில் வராததால் பெண்ணுக்கு இஷ்டம்தான் போலிருக்கிறது என்று மாப்பிள்ளை நினைத்திருந்தாராம். பரீட்சை முடியும் வரை பெண் இங்கேயே இருக்கட்டும், மாதம் ஒரு தடவை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். மாப்பிள்ளையின் அத்தா முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறார், பிரியாணி சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று இவராக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அத்தா எழுந்து, மூன்றாவது முறையாகக் கேட்டார். சம்மதம் என்று நான் சொன்னது கீழே ஹாலில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.

பண்டாரி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். போன் எடுக்க ஆள் இல்லாததால், அவரே நேரம் பார்த்துத் தம் பிரித்து, பிரியாணிச் சட்டியைத் திறந்தார். பிரியாணி பிரமாதமாக இருந்தது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

பரீட்சை எழுதித் தேறினேன். இன்றும் ஆசிரியை வேலை பார்க்கிறேன். சில வருடங்கள் கழித்து ஒரு விசேஷ வீட்டில் அந்தச் செல்போன் கடை அண்ணனைத் தனியாகப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றினீர்கள் என்று கண் கலங்கச் சொன்னேன். அவர் கூச்சப்பட்டுப் போனார்.

"நீ வேற தாயி. எனக்கு நெசமாவே காதுல விழுகல, அம்புட்டுத்தான்" என்றார்.

அத்தாவுக்குச் செல்போன் மோகம் அதற்குப் பிறகும் போகவில்லை. தெருவில் நின்று மதுரைக்குக் கத்தியபடிதான் இருந்தார். ஆனால் நான் சென்னையிலிருந்து வந்து அவர் எதிரே உட்கார்ந்தால் மட்டும், பின்மூடியைத் தள்ளிப் பேட்டரியை எடுத்து டீ கிளாஸ் பக்கத்தில் வைத்துவிட்டு, "சொல்லும்மா" என்பார். சொல்வதற்கு எனக்கு ஒன்றுமே இல்லாத நாட்களிலும் அப்படித்தான் செய்தார்.

அத்தா இப்போது இல்லை. என் கையில் இருக்கும் போனில் பேட்டரியைக் கழற்றவும் முடியாது. ஆனாலும் என் மகளோ, வகுப்பில் ஒரு பிள்ளையோ, "ஒண்ணு சொல்லணும்" என்று வந்து நிற்கும் நேரத்தில் போன் அடித்தால், எத்தனை நாளாக அதைச் சொல்ல வந்து திரும்பிப் போனார்களோ என்று நினைத்துக்கொண்டு, போனை அடிக்கவிட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.