தள்ளிக்கொண்டு போன சைக்கிள்

போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள் சந்திரவல்லி. நரம்பே தெரியாத கைகளிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவாள். அவளோடு படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். முப்பத்துநாலு வயதில் அவளுக்கும் அந்த ஆசை வந்தது. அயர்லாந்து போக வேண்டுமென்றால் ஓர் இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும். படிப்பதும் எழுதுவதும் அவளுக்குச் சிரமமில்லை. பேசுவதுதான் வராது. எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பார். கால் மணி நேரம் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

தேனியில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். அங்கே கேள்வியையும் பதிலையும் அச்சடித்து ஒரு கட்டாகக் கொடுத்தார்கள். பூக்கள், குடை, பக்கத்து வீட்டார், சைக்கிள் என்று தலைப்புக்கு ஒரு பக்கம். அப்படியே மனப்பாடம் பண்ணிவிடச் சொன்னார் அங்கிருந்த சார். சைக்கிள் பக்கத்தில் இருந்த பதில் இப்படிப் போனது: என்னிடம் ஒரு சிவப்பு சைக்கிள் இருந்தது, அப்பா பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தார், தினமும் தோழிகளோடு ஏரிக்கரையில் ஓட்டிப் போவேன், அந்த நாட்களை மறக்கவே முடியாது.

முதல் தடவை மதுரையில் பரீட்சைக்குப் போனபோது அந்தத் தலைப்பே வந்தது. சந்தோஷத்தில் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கேள்வி கேட்ட அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஓட்டப் பழகும்போது சைக்கிளை யார் பிடித்துக்கொண்டார்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். அந்தக் கேள்வி அவள் மனப்பாடம் பண்ணிய காகிதக் கட்டுக்குள் இல்லை.  சந்திரவல்லி சிவப்பு சைக்கிளில் இருந்து மறுபடியும் ஒப்பிக்க ஆரம்பித்தாள். பாதியில் அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். மற்ற எல்லாவற்றிலும் தேறி, பேச்சில் மட்டும் போயிற்று.

 ஒரு வாரம் கழித்து அந்தக் காகிதக் கட்டை எடுத்துப் புருஷன் சோலைமலை கையில் கொடுத்து, தினமும் தன்னைக் கேள்வி கேட்கச் சொன்னாள். சோலைமலை ஜீப்பு ஓட்டுகிறவர். காலையில் ஏலக்காய் எடுக்கப் போகும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுக்குப் போவார், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். படித்தது பத்தாவது. ஆனாலும் பத்து நாளில் கேள்வி அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

சந்திரவல்லிக்கு வார லீவு வரும் நாட்களில் அவளும் அந்த ஜீப்பில் ஏறி, பூப்பாறை பக்கம் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவைப் பார்க்கப் போவாள். மெட்டு ஏறப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டார்கள். ஆறாவது வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பிக்கொண்டே சோலைமலை சைக்கிள் கேள்வியைக் கேட்டார். அவள் பழையபடி சிவப்பு சைக்கிளை எடுத்து விட்டாள்.

பின்னால் பத்துப் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ராசிங்காபுரத்து ஒச்சம்மாள், என்ன கேட்கிறார், என்ன சொல்கிறாய் என்று விசாரித்தாள். சந்திரவல்லி தமிழில் சொன்னாள்.

“ஏத்தா, நீ மலையில பெறந்த புள்ள. லயத்துல எவ சைக்கிள் ஓட்டுனா? ஏறுனா இறக்கத்துல தேயிலைக்குள்ளதான் கெடக்கணும்” என்றாள் ஒச்சம்மாள்.

ஜீப்பே சிரித்தது. சந்திரவல்லியும் சிரித்துவிட்டு, புருஷனிடம்கூட இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

பதினோராம் வகுப்புக்கு அவள் மலையிலிருந்து போடிக்கு இறங்கி வந்து ஹாஸ்டலில் தங்கினாள். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அரசாங்கத்தின் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகள் அங்கேயே ஏறி மிதித்துக்கொண்டு போனார்கள். இவளுக்கு ஏறத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். பஞ்சர் என்றாள், செயின் கழன்றுவிட்டது என்றாள், கால் சுளுக்கு என்றாள். அப்படியே இரண்டு வருஷம், ஹாஸ்டலில் இருந்து பள்ளிக்கூடத்துக்கும் திரும்பவும் அதைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். தோழிகள் அவர்களுடைய பைகளையும் அதில் மாட்டிவிட்டு முன்னால் ஓட்டிப் போவார்கள். படிப்பு முடிந்ததும் அப்பா வந்து அதை ஒரு ஜீப்பு மேல் கட்டி எஸ்டேட்டுக்குக் கொண்டு போனார். அங்கே தண்ணீர்க் குடங்களைக் கட்டி அவரும் தள்ளினார். அந்த சைக்கிளை ஒருத்தர்கூட ஏறி ஓட்டியது கிடையாது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சோலைமலை அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினார். பிறகு, “இதைச் சொல்லு வல்லி. இங்கிலீஸ்ல” என்றார்.

“இதெல்லாம் போயி பரீட்சையில சொல்ல முடியுங்களா?”

“நீ ஓட்டுனா அவுகளுக்கு என்ன, ஓட்டாட்டி என்ன. நீ பேசணும், அம்புட்டுத்தான்.”

அவள் தடுமாறித்தான் ஆரம்பித்தாள். ஐ ஹேவ் எ சைக்கிள். டூ இயர்ஸ். ஐ ஒன்லி புஷ்டு இட். புஷ் என்றால் என்ன என்று பின்னாலிருந்து கேள்வி வந்தது. பேங்க் கதவில் எழுதியிருக்குமே, தள்ளு என்று, அதுதான் என்றாள். வழியெல்லாம் பனி இறங்கியிருந்தது. மெட்டு செக்போஸ்ட் வருவதற்குள், பஞ்சர், சுளுக்கு, குடம் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சொல் கிடைத்துவிட்டது. இலக்கணம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. யார் எங்கிருந்து குறுக்கே கேட்டாலும் பதில் இருந்தது, நடந்த கதை என்பதால்.

அதற்குப் பிறகு அந்தக் காகிதக் கட்டை ஓரமாக வைத்துவிட்டாள். குடைக்கு எஸ்டேட்டில் மழைக்குத் தலையில் மடித்துப் போடும் சாக்குக் கொங்காணியைப் பற்றிப் பேசினாள். பக்கத்து வீட்டாருக்கு லயத்துச் சுவர் வழியாகக் கேட்கும் சண்டையைப் பற்றி. பயிற்சி மையத்து சாருக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சையில் போய் இந்தக் கஷ்டக் கதையெல்லாம் எதற்கு என்றார்.  அவள் அங்கே போவதை நிறுத்திக்கொண்டாள்.

மூன்று மாசம் கழித்து சாயங்கால ரயிலில் மதுரைக்குப் போய்த் தங்கி, மறுநாள் இரண்டாவது தடவை உட்கார்ந்தாள். இந்த முறை கேள்வி கேட்டவர் ஒரு வயதான மனிதர். சைக்கிளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அதிகம் நடப்பீர்களா என்று கேட்டார்.  பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தினமும் நடந்தேன், பக்கத்தில் ஒரு சைக்கிளோடு என்றாள் சந்திரவல்லி. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏன் ஓட்டவில்லை என்றார்.

அந்தக் கேள்விக்கு மட்டும் ஜீப்பில் அவள் பதில் பழகியதில்லை. “தெரியாதுன்னு சொல்லியிருந்தா யாராச்சும் சைக்கிளைப் பிடிச்சிருப்பாங்க. எனக்கு அது அப்பத் தெரியலை” என்று இங்கிலீஷில், மெதுவாக, சொல் சொல்லாக வைத்துச் சொன்னாள்.

மார்க் வந்த அன்று அவள் வார்டில் டிரிப்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை முடித்து, கையைக் கழுவிய பிறகுதான் போனைப் பார்த்தாள். பேச்சில் வேண்டிய அளவு வந்திருந்தது. அரை மார்க் அதிகமாகவே.

சித்திரையில் அயர்லாந்து விசா கைக்கு வந்த பிறகுதான் எஸ்டேட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கேட்டது ஒன்றுதான்: அங்கே தமிழ் பேசுகிறவர்கள் யாராவது இருப்பார்களா என்று. இருப்பாங்கம்மா என்றாள் சந்திரவல்லி. இருப்பார்களா என்பது அவளுக்கும் தெரியாது.