ஓர்சோலா கழுவிய வெள்ளை

இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ரோமில், மாடு மேயும் பழைய மன்றத்து இடிபாடுகளுக்குப் பின்னால் இருந்தது அகாபிட்டோவின் சிலைப் பட்டறை. மண்ணுக்குள்ளிருந்து வரும் தெய்வங்களைக் குளிப்பாட்டுவது ஓர்சோலாவின் வேலை. பதினோரு வருஷமாகச் சாம்பல் தண்ணீரும் தூரிகையுமாகத் தேய்க்கிறாள், காது மடலைக்கூட விட மாட்டாள். வண்டிக்காரப் புருஷன் நசரேனோ செத்துப்போனதிலிருந்து உடம்பில் கறுப்பு உடைதான். அவன் வாங்கித் தந்த சிவப்புப் பாவாடை பெட்டியிலேயே கிடந்தது. கட்ட ஆசைதான், ஊர் வாய்க்குப் பயம்.

பகல் சாப்பாடு முடிந்து ஊரே தூங்கும் நேரத்தில் சிலைகள் தன்னோடு பேசும் என்பாள். இல்லை என்று சொல்ல நாம் யார்?

அன்று, திராட்சைத் தோட்டத்தில் அகப்பட்ட ஒரு தேவியின் தலை வந்தது. மண் கரைந்ததும் உதட்டில் சிவப்பு, கூந்தலில் மஞ்சள். ஓர்சோலா தூரிகையைக் கீழே வைத்தாள்.

"இப்படிச் சாயம் பூசிக்கிட்டு நிக்கிறியே, யாரும் ஒண்ணும் சொல்லலையாடி?"

"சொன்னவங்க எல்லாம் போயிட்டாங்க" என்றாள் தேவி.

சிலையில் சாயம் இருக்கிறதென்று ஓர்சோலா கத்திய கத்தலில் அகாபிட்டோ கொட்டாவியோடு வந்தார். "அழுக்கும்மா அது. தேய்."

"அழுக்கு அளவெடுத்து உதட்டுல மட்டும் ஒட்டுமா, முதலாளி?"

"சிலை வாங்க வர்ற இங்கிலீஷ்காரப் பிரபுகிட்ட கேளு. சுருள் சுருளா அலங்காரம், தங்கப்பூச்சு எல்லாம் அவங்களுக்குச் சலிச்சுப்போச்சு. பழங்காலம்னா அமைதி, எளிமை, வெள்ளைன்னு புஸ்தகமே போட்டுட்டாங்க. அதைப் பாத்துத்தான் இன்னிக்குப் புதுசா செதுக்குறவனும் செதுக்குறான். புஸ்தகத்தைத் திருத்த முடியாது. உதட்டைத் தேய்ச்சுடலாம்."

வேலை போனால் அடுப்பு எரியாது. அழுதுகொண்டே தேய்த்தாள். தொட்டித் தண்ணீர் இளஞ்சிவப்பானது. தேவி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே பல தேசத்து இளைஞர்கள் வரைபலகையோடு வந்து, "என்ன தூய்மை!" என்று உருகினார்கள். அந்த வெள்ளை அவர்களோடு கப்பலேறிப் போய், ஊர் ஊராகச் சிலையாகவும் தூணாகவும் எழுந்து நின்றது. அதில் ஓர்சோலாவின் கை இருந்தது எவருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் சிவப்புப் பாவாடையில் வந்தாள். கோயில் வாசலில் ரொட்டிக்கடை எர்சீலியா வழிமறித்தாள்.

"அடிப்பாவி, என்னடி இது கோலம்? நசரேனோவை மறந்துட்டியா?"

"அவரு வாங்கிக் குடுத்ததுதான்டி."

"ஊரு என்ன சொல்லும்?"

ஓர்சோலா பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள்.

"சொல்றவங்க எல்லாம் போயிடுவாங்கடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.