பக்கத்து டீச்சர்

பட்டு பள்ளியை விட்டுப் போன செவ்வாய்க்கிழமை, மூன்றாம் வகுப்பில் யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை, தேர்வு நடந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா வாசலிலேயே நின்று பையை வாங்கிக்கொண்டாள். இரைச்சல் தாங்காதபோது பட்டு காதில் மாட்டிக்கொள்ளும் நீல ஹெட்ஃபோனை மறந்துவிடப் போகிறார்களே என்று கீழ்த்தளத்திலிருந்து ஓடிவந்து எடுத்துக் கொடுத்தவள் பக்கத்து டீச்சர்.

பிள்ளைகள் வைத்த பெயர் அது. பாடம் எடுப்பவர் போர்டு டீச்சர். பட்டுவின் அருகே குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருப்பவள் பக்கத்து டீச்சர். கற்பதில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே துணையாக இருப்பதுதான் அவள் வேலை.

"ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து எங்ககூடவே உக்காந்திருக்கீங்களே, உங்களுக்கு எப்ப டீச்சர் பாஸ் போடுவாங்க?" என்று ஒரு வாயாடி கேட்பாள்.

"உன் வாயைக் கேட்டுக்கிட்டே இருந்தா எங்கடி பாஸாகுறது?"

பட்டுவுக்குப் பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் படத்தைத் தொட்டுத்தான் பதில் சொல்லுவாள். முதல் வருடம் பக்கத்து டீச்சர் அவள் கையைப் பிடித்துத் தொட வைத்தாள். அடுத்த வருடம் விரலால் சுட்டிக் காட்டினாள். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. சும்மா பக்கத்தில் இருந்தாலே பட்டு சரியாகத் தொட்டாள். தான் செய்த வேலை பலித்துவிட்டது என்று பக்கத்து டீச்சருக்குள் பெருமை தலைதூக்கியது.

பட்டுவுக்குத் துணை இன்னும் தேவையா என்று பார்க்கும் மதிப்பீட்டு நாளன்றும் அந்தப் பெருமையோடுதான் உட்கார்ந்தாள். சோதிக்க வந்த அதிகாரி நல்ல மனுஷி. "பழகின முகம் எதிர்ல இருக்கட்டும், பாப்பா மிரளாது" என்றார். படங்களைப் பரப்பிக் கேட்கக் கேட்க, பட்டு டக் டக்கென்று தொட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எம் பொண்ணுதானான்னு கிள்ளிப் பாத்துக்கிட்டேன்க்கா" என்று அப்புறம் பக்கத்து டீச்சரிடம் சொன்னாள்.

முடிவு வந்தது. பட்டு தானாகவே பதில் சொல்கிறாள், இனித் துணை தேவையில்லை. பக்கத்து டீச்சரைக் கீழ்த்தளத்தில் வேறொரு பிள்ளையிடம் அனுப்பிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் பட்டு, எதைக் கேட்டாலும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மேசைக்கு அடியில் போய் ஒளிந்தாள். அப்புறம் கடித்தாள். அவள் அலறுவது கீழே கேட்கும். எழுந்து போக அனுமதி இல்லாமல் பக்கத்து டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"சோதனையில அத்தனையும் சொன்ன பிள்ளைதானே? எல்லாம் கொழுப்பு" என்றார் போர்டு டீச்சர். கடைசியில் அம்மா பொறுத்தது போதும் என்று மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வாசலில், "டீச்சருக்கு டாட்டா சொல்லு" என்றாள் அம்மா. பட்டு அசையவில்லை. பக்கத்து டீச்சரின் முகத்தையே பார்த்தாள். கண்ணை அல்ல, மோவாயை. அது தன்பாட்டில் துளியளவு எழும்பி பட்டுவின் வலது கைப்பக்கம் திரும்பியது. உடனே அந்தக் கை உயர்ந்து ஆடியது.

பக்கத்து டீச்சர் தன் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"பையை மாட்டிக்க" என்றாள் அம்மா. இந்தமுறை பக்கத்து டீச்சர் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். பட்டு நின்றது நின்றபடி காத்திருந்தாள். அம்மாவே பையை மாட்டிவிட்டுக் கூட்டிப் போனாள்.

சோதனையன்று படங்களைத் தொட்டது பட்டுவின் விரல்தான். எதைத் தொடுவது என்று சொன்னது இவளுடைய மோவாய். சொன்னது இவளுக்கே தெரியாது.

தலைமையாசிரியையிடம் ஓடினாள். மறுபடி சோதிக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"அப்ப இத்தனை வருஷம் நீங்க என்னத்தச் சொல்லிக் கொடுத்தீங்கன்னு கேப்பாங்க. பதில் இருக்கா? அதோட, அவ இப்ப நம்ம ஸ்கூல் பிள்ளையே இல்ல. போய் வேலையப் பாருங்க."

சாயங்காலம் பட்டுவின் அம்மாவுக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அப்ப எம் பொண்ணுக்கு எதுவுமே தெரியாதாக்கா?"

"தெரியும்மா. எவ்வளவுன்னுதான் எனக்குத் தெரியல."

போன் வைக்கப்பட்டது. அதன்பிறகு எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை.

பக்கத்து டீச்சர் இப்போது பிள்ளைகளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறாள். முன்னால் வர நேர்ந்தால் முகத்தை இறுக்கிக்கொள்கிறாள். "நீங்க ஏன் டீச்சர் எப்பவும் உர்ர்ருனு இருக்கீங்க?" என்று கீழ்த்தளத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சரியான பதிலுக்குக்கூடச் சட்டென்று சிரிக்க அவளுக்குப் பயம்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மதிய இடைவேளையில் செய்தி வந்தது.

"அக்கா, புது ஸ்கூல்ல பட்டுவ சோதிச்சாங்க. நீங்க சொன்னத அவங்ககிட்ட அப்படியே சொல்லி, எதிர்ல யாரும் உக்காரக் கூடாதுன்னுட்டேன். பத்துல ரெண்டுதான் சரியாத் தொட்டா. துணைக்கு ஆள் போட்டுட்டாங்க. வெளிய வந்து சந்தோஷத்துல அழுதேன். பொண்ணு தப்பாச் சொன்னதுக்கு சந்தோஷப்படுற அம்மா நானாத்தான் இருப்பேன். உங்கமேல கோவம் இன்னும் போகல. ஆனா அந்த ரெண்டும் அவளே தொட்டதுக்கா."