சுத்தமான மூச்சுக்கு ஆள் தேடின கதை

அடுத்தவங்க மூச்சை அளந்து நாம பட்டம் வாங்குற பொழப்பு இது. மருத்துவக் கல்லூரி ஆய்வகங்கள்ல முனைவர் பட்டத்துக்குக் கிடந்து மல்லாடுற சக பாவிகளே, உங்களுக்காவது எலி கூண்டுக்குள்ள இருக்கும். எனக்கு வாய்ச்சது பட்டாசுத் தொழிலாளர்களோட நுரையீரல். அதுவும் சொந்த ஊரான விஸ்வநத்தத்துலயே.

எங்க அம்மா அங்கன ஒரு கம்பெனியில வெடிக்குள்ள மருந்து செலுத்துற வேலை பாத்துச்சு. நான் பட்டம் வாங்கி வேலைக்குப் போற அன்னைக்கு அம்மா அந்த வேலைய விடணும், இதுதான் எங்களுக்குள்ள பேச்சு. "எம்மவள மருந்து வாசம் படாம வளத்திருக்கேன்"னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியும். ஆய்வு சீக்கிரம் முடியணும்னு எனக்கு ஏன் அம்புட்டு அவசரம்னு இப்பப் புரியும்.

எப்படி ஊத?

நுரையீரல் எம்புட்டுத் தாங்குதுன்னு ஊதிப் பாக்குற மெசினைச் சமுதாயக்கூடத்துல வெச்சுட்டு உக்காந்தேன். ஈ காக்கா வரல. ரிப்போர்ட் கம்பெனிக்குப் போயிரும்னு பயம். போகாதுன்னு நான் தொண்டை கிழியக் கத்தினதுதான் மிச்சம். கடைசியில அம்மாதான் கூட வேலை பாக்குற மாரியம்மா அக்காவைக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துச்சு.

மூச்சை நல்லா இழுத்து ஒரே தம்மா ஊதுங்கக்கான்னு சொன்னேன். அக்கா குழாயைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு.

"நல்லா ஊதுனா வேல நெலைக்குமா, மோசமா ஊதுனா நெலைக்குமா? அதச் சொல்லுத்தா, அதுக்குத் தக்கன ஊதுறேன்."

கழிச்சுக்கிட்டே வந்தேன்

தொழிலாளிக்கு மூச்சு கம்மின்னு சொன்னா, யாரை விடக் கம்மின்னு கேப்பாங்க. அதுக்கு அதே ஊர்த் தண்ணியக் குடிச்சு, அதே வெயில்ல வளந்து, மருந்து பக்கமே போகாத ஆளுக வேணும். எங்க பாஷையில கன்ட்ரோல். கேக்க சுளுவாத்தான் இருக்கு! டீக்கடைக்காரர் சின்ன வயசுல தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குனவரு. பள்ளிக்கூடத்து டீச்சர் லீவு நாள்ல திரி வெட்டிப் படிச்சவங்க. தெருத் தெருவா அலைஞ்சு ஆளைப் புடிக்கிறதும், விசாரிச்சுக் கழிக்கிறதுமா மாசங்கள் ஓடுச்சு. என் கைடுக்கு ஒரு நாள் பொறுமை போயிருச்சு.

"ஏம்மா, உங்க ஊர்ல சும்மா மூச்சு விடுற ஆளே கிடையாதா?"

சம்சாரி வீடு

அந்த ரோசத்துல மெசினையும் தூக்கிக்கிட்டு வெம்பக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். அங்க ஒரு பெரிய சம்சாரி, நிலபுலன் வெச்சு விவசாயம் பாக்குறவரு. "மருந்து வேலைக்குப் போயிருக்கீகளா ஐயா?"ன்னு கேட்டதுக்குக் கோவமே வந்துருச்சு. எங்க வம்சத்துலயே யாரும் தொட்டதில்லைன்னு மீசைய நீவி விட்டாரு. எனக்கு அவர் கால்ல விழலாம் போல இருந்துச்சு.

தண்ணி கேட்டுப் பின்கட்டுக்குப் போனா, தூத்தேறி! அவர் சம்சாரமும் மருமகள்களும் வட்டமா உக்காந்து சரவெடி பின்னிக்கிட்டு இருக்காக. திரும்பி வந்து அவரைப் பாத்தேன். மனுசன் மெசினைத் தள்ளி வெச்சாரு.

"அது மருந்து வேல இல்ல தாயி, மழ பேயாத வருசத்து வெள்ளாம."

மாரியம்மா அக்கா

எல்லாரையும் ஒரு வருஷம் கழிச்சு மறுபடியும் ஊத வெக்கணும். அதுக்குள்ள வந்த தீபாவளி சீசன்ல அக்கா வேலை பாத்த அறை வெடிச்சுருச்சு. அம்மா அன்னைக்கு அடுத்த அறையில இருந்துச்சு, தப்பிச்சுது. அக்கா தப்பிக்கல. அம்மாவை இனி போகாதன்னு கெஞ்சினேன். நீ முடி, நான் விடுறேன்னுட்டுது. கைடுகிட்டப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஐயோன்னு சொன்னார், நிஜமாவே வருத்தப்பட்டார். அப்புறம் கண்ணாடியக் கழட்டித் துடைச்சார்.

"ரெண்டாவது ரீடிங் இல்லைன்னா, அவங்க முதல் ரீடிங்கையும் எடுத்துரும்மா."

கடைசி ஆள்

"ஊரெல்லாம் தேடுறியே, நீ இருக்கேல்ல?"ன்னு அம்மாதான் யோசனை சொல்லுச்சு. ஆய்வு பண்றவளே கணக்குல வரக் கூடாதுன்னு சட்டம் பேசினேன். "சும்மா ஊதிக் காட்டு, இவளுக பாக்கட்டும்"னு ரெண்டாவது ரீடிங்குக்குக் கூட வந்த பொம்பளைகளைக் காட்டுச்சு. அம்மா முகத்துல அம்புட்டுப் பெருமை.

ஊதினேன். கம்மியா வந்துச்சு. சரியா ஊதலைன்னு மறுபடி ஊதினேன். திரும்பவும் ஊதினேன். அம்மாவோட வேலை பாக்குறவங்களுக்கு வந்த மாதிரியேதான் எனக்கும் வந்துச்சு. பயிற்சிக்கு வந்திருந்த எம்.எஸ்சி. பொண்ணு மெல்லக் கேட்டா, "அக்கா, உங்கள எந்தப் பக்கம் சேக்க?"

ஒரு ஆள் ஊதினதை வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாதுன்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அதையே அம்மாவுக்கும் சொன்னேன். அது காதுல ஏறல. மெசினையும் என்னையும் மாறி மாறிப் பாத்துச்சு. ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்துச்சு.

"தெனமும் குளிச்சிட்டுத்தானம்மா ஒன்னத் தூக்குனேன்?"

வெளியூர் ஆட்களைக் கன்ட்ரோலா வெச்சு ஒரு வழியா நானும் டாக்டராயிட்டேன், பேச்சுப்படி அம்மாவும் வேலைய விட்டுருச்சு, ஆனா என்னைத் தொடணும்னா மட்டும் இன்னமும் குளிச்சுட்டுத்தான் வருது.