பதினோராவது எழுத்து

முதலில் கைக்குட்டை வெளியே வரும். ஆண்கள் வைத்துக்கொள்ளும் பெரிய கைக்குட்டை, நான்காக மடித்தது. காரின் முன்கண்ணாடியில் ஓட்டுநர் பக்கத்து அடிமூலையை அதனால் இரண்டு முறை துடைப்பார். பிறகு இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, கண்ணாடிக்குள்ளே தெரியும் சின்னத் தகட்டின் மேல் டார்ச் அடித்து, அதில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரை விரல்விட்டு எண்ணுவார். வலது கை ஐந்து, இடது கை ஐந்து, மறுபடி வலது கட்டைவிரல். அந்தக் கட்டைவிரல் மடங்கும் இடத்தில் 'எஃப்' என்று இருந்தால், "நம்ம வீட்டுப் பிள்ளை" என்பார். வேறு எதுவாவது இருந்தால், "பெரியம்மா பிள்ளை" என்று சொல்லிக் கைக்குட்டையை ஒரு தரம் உதறி மடிப்பார். ஏலத்துக்கு வந்த காரானால் அதோடு சரி, அடுத்த காருக்குப் போய்விடுவார்.

வெர்லின் பெட்ரிச் அம்மாளுக்கு அறுபத்தாறு வயது. கன்சாஸ் சிட்டியில், அதாவது ஆற்றுக்கு இந்தப் பக்கம் கன்சாஸ் மாநிலத்தில் இருக்கும் கன்சாஸ் சிட்டியில் (அந்தப் பக்கம் இதே பேரில் இருக்கும் ஊரோடு எங்களைச் சேர்த்துச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது), பழைய கார் விற்கிறார். யார்டில் பத்து கார் நிற்கும். பத்தும் மாலிபு என்ற ஒரே மாடல். வேறு எதையும் அவர் வாங்குவதில்லை, விற்பதுமில்லை.

காரணம் எளிது. ஆற்றின் வளைவில், மாலிபு செய்த கார் ஆலையில் இருபத்தெட்டு வருடம் கதவு மாட்டினார். ஒரு காரின் நம்பரில் பத்தாவது எழுத்து அது எந்த வருடத்துக் கார் என்று சொல்லும், பதினோராவது எழுத்து எந்த ஆலையில் பிறந்தது என்று சொல்லும். எஃப் என்றால் எங்கள் ஊர். சில வருடங்கள் இதே கார் மிச்சிகனிலும் செய்யப்பட்டது. அவற்றில் அந்த இடத்தில் 4 இருக்கும். "மிச்சிகன்காரன் ஒண்ணும் கொறை வைக்கல. நல்ல சாப்பாடுதான். நம்ம வீட்டுச் சாப்பாடு இல்ல, அவ்வளவுதான்" என்பார்.

பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் வண்டிப் பதிவு அலுவலகத்தில் நான் நாள் முழுக்க சேசிஸ் நம்பர்களைத் தட்டெழுதுகிறவன். மதிய உணவு நேரத்தில் அவர் யார்டில் நிற்கும் ஏதாவது ஒரு காரின் பின் சீட்டில் உட்கார்ந்து படிக்க அனுமதி தந்திருக்கிறார். ஒரு நாள் என் கவிதைப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாதித் தாள் சும்மாக் கெடக்கே ஆபீசர், இதுக்கும் முழு விலையா வாங்குறான்?" என்று கேட்டார்.

காரைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், விற்க வந்தவரா வாங்க வேண்டாம் என்று சொல்ல வந்தவரா என்று சந்தேகம் வரும். "மாலிபு வாங்குனேன்னு எவனும் மச்சானுக்கு போன் போட்டுச் சொல்ல மாட்டான். சிக்னல்ல நின்னா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். திருடன்கூட ரெண்டு வண்டி தள்ளிப் போவான். ஆனா ஜனவரிக் குளிர்ல சாவியத் திருப்பினா கெளம்பும். ஒடஞ்ச சாமான் எந்தக் கடையிலயும் கெடைக்கும். டிக்கில ஒரு குடும்பத்து அழுக்குத்துணி மொத்தமும் அடங்கும். வேற என்ன வேணும் உனக்கு?"

அதன் சரித்திரத்தையும் சொந்தக்காரர் கதை மாதிரிதான் சொல்வார். "அறுபத்து நாலுல வந்துச்சு. அப்ப இது தனி வண்டியே இல்ல. இன்னொரு வண்டியோட சொகுசு ரகத்துக்கு வச்ச பேரு. அப்புறம் தனிக்குடித்தனம் போச்சு. எண்பத்து மூணுல செத்துச்சு. தொண்ணூத்தேழுல எந்திரிச்சு வந்துச்சு. ரெண்டாயிரத்து எட்டுல வந்துச்சு பாரு ஒரு ரூபம், அதுதான் அதுக்குக் கல்யாணக் களை. இருபத்து நாலு நவம்பர்ல மறுபடி செத்துச்சு."

"இன்னொரு வாட்டி எந்திரிச்சா ஞாயித்துக்கெழம அதத்தான் கும்பிடணும்" என்பார் ரஸ்கோ.

ரஸ்கோ டிம்மன்ஸ், அதே ஆலையில் டேஷ்போர்டு பொருத்தியவர். எழுபது வயது, முழங்கால் சரியில்லை. தினமும் காலையில் புகையில் வேகவைத்த மாட்டிறைச்சியின் கருகிய நுனித்துண்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு யார்டுக்கு வந்துவிடுவார். வெர்லின் தங்கள் வீட்டு வழக்கப்படி வால்நட் அரைத்து உருட்டிச் சுட்ட ரொட்டியை அறுத்து வைப்பார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்று இருவருமே சொல்வார்கள், இருவருமே சேர்த்துத்தான் சாப்பிடுவார்கள். ஏதாவது கார் புதிதாக வந்தால் ரஸ்கோ உள்ளே கைவிட்டு டேஷ்போர்டின் அடிவிளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இது என்னுது" என்பார், அல்லது "இது ராத்திரி ஷிப்ட்டு" என்பார்.

"தடவிப் பாத்தே தெரிஞ்சுதாக்கும்" என்பார் வெர்லின்.

"நீ கதவுச் சத்தத்தை வச்சு வம்சாவளி சொல்லலையா முதலாளியம்மா? அது மாதிரிதான்."

அதுவும் உண்மைதான். எண்ணி முடித்ததும் வெர்லினின் அடுத்த வேலை கதவு. இடது உள்ளங்கையைக் கூரையில் பதித்து, கண்ணை மூடி, நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து சாத்துவார். "தொண்டை கட்டியிருக்கு" என்று ஏதாவது ஒரு கதவைச் சொன்னால், அந்தக் காரை ஒரு வாரம் விற்க மாட்டார்.

யார்டின் கடைசியில், விலை எழுதாத ஒரு மணல் நிறக் கார் நிற்கும். அது அவருடைய சொந்தக் கார், இரண்டாயிரத்துப் பத்தாம் வருடத்தது, புதிதாக வாங்கியது. மாலையில் அதில்தான் ரஸ்கோவை வீட்டில் விடுவார். அதன் முன்கண்ணாடியில் ஓட்டுநர் பக்கத்து அடிமூலையில், பயணிகளைக் காக்கும் புனித கிறிஸ்தோபரின் படம் போட்ட அட்டை உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டியிருக்கும். வெயில் பட்டுப் பட்டு கிறிஸ்தோபர், அவர் தோளில் இருக்கும் குழந்தை, கீழே ஓடும் ஆறு எல்லாம் ஒரே நீலமாகிவிட்டன. அந்தக் கண்ணாடியை மட்டும் வேறு யாரும் துடைக்க விடமாட்டார்.

"சாமியை அங்க உக்கார வச்சா ரோடு எப்படித் தெரியும்?" என்று ரஸ்கோ வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பார்.

"அவர் பாத்துக்குவாரு. நீ வாயப் பாத்துக்க."

போன மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, மரிசெலா ஓர்டோன்யோ என்ற பெண் வந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனித்துக்கொள்ளும் வேலை. பஸ் தாமதமானதால் முந்தைய வேலை போயிருந்தது. புது வேலை ஊருக்கு மேற்கே, பண்ணை வீடுகளில். அங்கே பஸ்ஸே கிடையாது. திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் கார் இல்லாமல் போய் நின்றால் இடம் அடுத்தவருக்கு. அவள் சித்தி இதே யார்டில் கார் வாங்கியவள், "எஃப் இருக்கான்னு பாத்து வாங்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். முந்தின நாள்தான் ஏலத்திலிருந்து வந்து இறங்கியிருந்த ஒரு வெள்ளைக் காரை அவளுக்குப் பிடித்துவிட்டது. வெர்லின் எண்ணிப் பார்த்தார். எஃப். "கதவெல்லாம் பாத்து வைக்கிறேன், சனிக்கிழமை வா, தரேன்" என்றார்.

சனிக்கிழமை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அரை நாள் விடுமுறை. பின் சீட்டில் இருந்தேன்.

"மிஸ் வெர்லின், சாவி."

"வெள்ளை போகாது கண்ணு."

"போகாதுன்னா?"

"விக்க மாட்டேன்."

மரிசெலாவின் முகம் மெதுவாக மாறியது. "வேற யாராவது கூடக் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நான்தான் பிரச்சனை. எங்க ஸ்பானிஷ் பேரைக் கேட்டதும் இந்த ஊர்ல நெறையக் கடையில வண்டி திடீர்னு வித்துப் போயிடும். நீங்க அப்படி இல்லன்னு எங்க சித்தி சொன்னா."

வெர்லினுக்கு விளக்கிப் பேச வராது. வெள்ளைக் காரிடம் போய் வலது பின்கதவைத் திறந்து சாத்தினார். "கேட்டியா?"

"என்னத்தக் கேக்க?"

மறுபடி சாத்தினார். எனக்கும் ஒன்றும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. அவர் உள்ளே குனிந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. சாம்பல் நிறப் பட்டை கடைசி ஒரு முழத்தில் மண் நிறமாக வந்தது.

"கதவுக்கு அடியில சேறு நிக்குது. அதான் சத்தம் கனமா இருக்கு. எங்கயோ வெள்ளத்துல முங்குன வண்டி இது. இன்னிக்கி ஓடும். ஒரு நாள் நடு ரோட்டுல நிக்கும்."

"காகிதத்துல அப்படி எதுவும் இல்லையே?"

"காகிதம் முங்கலையே கண்ணு."

மரிசெலா அங்கேயே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "நெசம்தான். ஆனா எனக்குத் திங்கட்கிழமை" என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. ஆலையில் மாலிபு செய்வது நின்றதிலிருந்து நல்ல எஃப் கார் கிடைப்பதே அரிதாகியிருந்தது. அன்று யார்டில் இருந்த மற்றக் கார்களில் இரண்டு கார் சக்கரம் இல்லாமல் நின்றன, மீதி எல்லாம் முன்பணம் கொடுத்தவர்களுடையவை.

"ஆபீசர் வண்டியக் குடுக்கலாம்" என்றார் ரஸ்கோ. என்னிடம் இருப்பது சைக்கிள்.

வெர்லின் கடைசியில் நின்ற மணல் நிறக் காருக்குப் போனார். நான்கு கதவையும் சாத்திப் பார்த்தார். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கில் கை வைக்கவில்லை, மடியில் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது கையில் சாவி இருந்தது, வீட்டுச் சாவியை அதிலிருந்து கழற்றியிருந்தார்.

"வெர்லின், அது உன் வண்டி" என்றார் ரஸ்கோ.

"தெரியும். பதினாறு வருஷமா பெட்ரோல் போடறவ நான்தான. நாளைலேருந்து உன் பையனோட லாரியத் தூசி தட்டி நீ என்னைக் கொண்டு விடு."

மரிசெலா எழுந்து நின்றாள். சித்தி சொன்னது நினைவு வந்திருக்க வேண்டும். "எஃப்தான, மிஸ் வெர்லின்?"

"பின்ன? வெர்லின் வண்டி வேற என்னவா இருக்கும்?" என்றார் ரஸ்கோ முந்திக்கொண்டு.

வெர்லின் கைக்குட்டையை எடுத்தார், எதையும் துடைக்காமல் திரும்ப வைத்தார். "வா, ஓட்டிப் பாத்துரு" என்றார். இருவரும் ஆற்றுப் பாலம் வரை போய் வந்தார்கள். வந்ததும் மரிசெலா அவரைக் கட்டிக்கொண்டாள். வெர்லின் முகம் மட்டும் இறுக்கமாகவே இருந்தது. காரைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வேலை முடிந்து, காரைத் தன் பேருக்கு மாற்ற மரிசெலா என் மேஜைக்கு வந்தாள். நான் காகிதத்தைப் பார்த்துத் தட்டெழுதினேன். பத்தாவது இடத்தில் ஏ, அதாவது இரண்டாயிரத்துப் பத்து. பதினோராவது இடத்தில் என் விரல் தானாக எஃப்-க்குப் போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி பார்த்தேன். 4.

"நாலுதான். எனக்குத் தெரியும்" என்றாள் மரிசெலா, குரலைத் தாழ்த்தி. "பாலத்து மேல ஓரமா நிறுத்தச் சொல்லிச் சொன்னாங்க. ஆலையில வேலை செய்யறவங்களுக்குச் சலுகை உண்டாமே, அதுல வாங்குனாங்களாம். மொத மொத புது வண்டி, நிறத்தை மட்டும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நாளெல்லாம் எஃப் வண்டிக்குக் கதவு மாட்டிட்டு வந்து, அதையா எண்ணணும்னு தோணும்? வீட்டுல வந்து கண்ணாடி தொடைக்கறப்பதான் எண்ணினாங்களாம். 'இது உனக்கு வேணாம்னா இப்பவே சொல்லு கண்ணு, திரும்பிப் போயிடலாம்'னாங்க. நான் சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல."

அவள் கையெழுத்துப் போட்டாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. ரஸ்கோ இருக்கற பக்கம் வந்தா அந்த சாமிப் படத்தை எடுத்துடாதன்னு."

நான் யாரிடமும் சொல்லவில்லை. வெர்லின் ஏலத்துக்குப் போவதும் எண்ணுவதும் உதறுவதும் அப்படியே தொடர்ந்தன.

ஜூனில், வேலையில் உறுதியாகிவிட்ட மரிசெலா, எண்ணெய் மாற்றுவதற்காகக் காரை யார்டுக்குக் கொண்டுவந்தாள். கடுமையான வெயில். அவளும் வெர்லினும் யார்டின் அலுவலக அறைக்குள் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார்கள். சூட்டில் டேப் இளகி, கிறிஸ்தோபர் முகம் குப்புறக் கவிழ்ந்து கிடந்தார். கண்ணாடி வழியே நம்பர் தகடு பளிச்சென்று தெரிந்தது. ரஸ்கோ நொண்டிக்கொண்டே அந்தக் காரை நோக்கிப் போவதைப் பார்த்து, பக்கத்துக் காரின் பின் சீட்டில் நான் புத்தகத்தை மூடினேன்.

அவர் குனியவில்லை. எண்ணவில்லை. நேரே ஓட்டுநர் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார். நான் பார்த்த நான்கு வருடத்தில் வந்த ஒவ்வொரு காரின் டேஷ்போர்டையும் தடவிப் பார்த்தவர், தினமும் அந்தக் காரில் வீட்டுக்குப் போனவர், அதைப் பற்றி மட்டும் ஒரு நாளும் "இது என்னுது" என்றோ "ராத்திரி ஷிப்ட்டு" என்றோ சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கவிழ்ந்த அட்டையை நிமிர்த்தி, பழைய இடத்திலேயே சரியாகப் பொருத்தி, கட்டைவிரலில் எச்சில் தொட்டு டேப்பின் நான்கு ஓரத்தையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"முதலாளியம்மா, இந்தச் சாமியை இங்க உக்கார வச்சா ரோடு எப்படித் தெரியும்?"