இரவல் பம்பு

சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் தவநேசன் எழுதிய முதல் கதையும் ஒரு சைக்கிளைப் பற்றியதுதான். கடலுக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை. அவன் கரையில் விட்டுப்போன சைக்கிளுக்கு மனைவி வெள்ளிக்கிழமை தோறும் காற்றடிக்கிறாள். அவ்வளவுதான் கதை.

எழுதி முடித்த நாளிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவ்வளவு நல்ல கதை தன் மண்டையில் உதித்திருக்காது, எங்கேயோ வாசித்ததைத்தான் எழுதிவிட்டேன் என்று பயந்தான். நூலகத்தில் பழைய சஞ்சிகைகளைப் புரட்டினான். கைபேசியில் தேடினான். பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடமெல்லாம், "சைக்கிளைப் பற்றி ஏதும் கதை வாசிச்சனீங்களோ?" என்று கேட்டான். என்ன கதை என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது களவெடுத்துவிடுவார்களாம்!

கடைசியில் மனைவி ஜெயவதனியிடம் கதை எழுதிய கொப்பியைக் கொடுத்தான். அவள் கடைக்குள் கதிரையில் உட்கார்ந்து வாசித்து முடித்தாள்.

"எங்கையோ வாசிச்ச மாதிரி இருக்கோ?"

"வாசிக்கிறதென்ன? இராசமலர் அக்கா கடலுக்குப் போய் வராத புருசன்ர சைக்கிளுக்குக் காத்தடிக்கிறது ஊருக்கே தெரியும். நீங்கள்தானே பம்பு குடுக்கிறனீங்கள்."

தவநேசனுக்கு முகம் சுண்டிப்போனது. மூன்று வருடமாக, செய்கிற வேலையிலிருந்து தலை நிமிராமலே அந்தப் பம்பை நீட்டியிருக்கிறான்.

அன்றும் வெள்ளிக்கிழமை.

"தம்பி, பம்பை ஒருக்காத் தாங்கோ" என்று வாசலில் இராசமலரின் குரல் கேட்டது.

கொப்பியை ஒளித்துவிட்டுத்தான் அவன் பம்பை எடுத்தான்.