திரையில் தெரிந்த ஜவுளிக்கடை

அப்பாவுக்கு சினிமா என்றாலே வேப்பங்காய். திருச்சிப் பெரிய கடை வீதியில் எங்கள் பாத்திரக்கடைக்கு எதிர்ச் சுவரில் சினிமா போஸ்டர் ஒட்ட வருகிறவன்கூட அப்பா சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத்தான் வருவான். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதர் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கிளம்பும்மா, படத்துக்குப் போறோம்" என்று என்னிடம் சொன்னபோது அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கொட்டகையில் ஞாயிறு காலைகளில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். அந்த வாரம் ஓடிய படத்தைப் பற்றி யாரோ கடையில் சொல்லியிருக்கிறார்கள். ஏதோ ஒரு கீழை நாட்டு ஜனங்கள் வெள்ளைக்காரத் தூதரை விரட்டியடிக்கிற கதை என்று. அது போதும் அப்பாவுக்கு. அவர் நாற்பத்திரண்டு ஆகஸ்டுப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். "நம்ம கதைம்மா. நீ காலேஜ்ல படிக்கிற இங்கிலீஷ் இதுக்காவது ஆகட்டும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவது என் வேலை.

படத்துக்குள் போவதற்கு முன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த வயதில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு பர்மாவில், ரங்கூனில் ஜவுளிக்கடை. அவருடைய தாத்தா காலத்துக் கடை. சீர்த் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலைக்கு நடுவே அப்பா ஒரு கதர்க் கொடியை மடித்து வைத்தார். மூவர்ணக் கொடி. எங்கள் அப்பா தவிர இந்த உலகத்தில் வேறு எவரும் மகளுக்குக் கொடியைச் சீராகக் கொடுத்திருக்க மாட்டார்கள். "மாப்பிள்ளைக்குக் கடியாரம் கேட்டாங்க, நீங்க கொடியக் குடுக்கிறீங்களே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தான் மட்டும் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஒரு காரியத்தில் அப்பா அவரிடம் விழுந்துவிட்டார்.

மறுவீடு முடிந்து எல்லோரும் முக்கொம்புக்குப் போனோம். புளியோதரை சாப்பிட்டுவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருந்தபோது அத்தான் மெதுவாகக் கேட்டார். "மாமா, அங்க இருக்கிறவங்கள அந்த நாட்டுப் பிரஜையா எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க. கடைக்கு நல்லதுன்னு சிலர் சொல்றாங்க. எழுதிடட்டுங்களா?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மாப்ள, இந்தக் கொடிக்காக அடி வாங்கினவன் நான். என் மகளும் நீங்களும் இன்னொரு கொடிக்கு சல்யூட் அடிக்கணுமா? நமக்குன்னு ஒரு அரசாங்கம் இருக்கு. தூதர் இருக்காரு. எந்தப் பய நம்மளத் தொட முடியும்?"

அத்தான் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டு பதினைந்தும் ரங்கூன் கடை வாசலில் அந்தக் கொடி ஏறும். அதே நேரத்தில் திருவானைக்காவலில் எங்கள் வீட்டு வாசலில் சவுக்குக் கம்பத்தில் இன்னொன்று ஏறும். தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கும்போது அப்பா, "ரங்கூன்லயும் நம்ம கொடி பறக்குது, தெரியுமில்ல?" என்று பெருமையடித்துக்கொள்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இனி படம். பெயர் சுத்தமாக மறந்துவிட்டது. ஒரு பெரிய நாட்டுத் தூதர் கப்பலில் வந்து இறங்குகிறார். அந்தச் சின்ன நாட்டுத் துறைமுகத்தைத் தங்கள் கப்பல்களுக்கு எழுதி வாங்க வேண்டும். நீளமான மேஜை, பளபளக்கும் கிளாஸ்கள், சிரித்துச் சிரித்துப் பேச்சு. "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று அப்பா என் முழங்கையை இடித்தபடி இருந்தார். "சுத்தி வளைச்சுப் பேசறாங்கப்பா, ஒண்ணுமில்ல" என்றேன். முக்கால் மணி நேரம் அதேதான். எனக்குக் கொட்டாவி வந்தது.

பிறகு தெருவில் கூட்டம் கிளம்பியது. கொடிகள், தடிகள், திறந்த வாய்கள். "அந்நியனே வெளியேறு!" அதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கொட்டகை முழுக்க விசில். தூதர் பங்களா கேட்டை ஆட்டுகிறார்கள். அப்பா கைதட்டினார். எங்கள் அப்பா, சினிமாக் கொட்டகையில்! "போடு! நாங்க போட்ட கோஷம்மா இது! எழுத்துக்கு எழுத்து இதேதான்!" என்று கத்தினார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

பங்களா கேட்டில் துப்பாக்கிக்காரர்கள் வந்து நின்றதும் கூட்டம் கடைத்தெருப் பக்கம் திரும்பியது. அந்நியர்களின் கடைகளாம். மரக் கதவுகளை உடைக்கிறார்கள். துணிச் சுருள்கள் தெருவில் வந்து விழுந்து பிரிந்து ஓடுகின்றன. ஒருவன் ஏணி வைத்து ஏறி ஒரு பெயர்ப்பலகையைத் தடியால் அடித்தான். பலகை ஒரு பக்கம் அறுந்து சாய்ந்து தொங்கியது.

அதில் தமிழ் எழுத்து இருந்தது.

படம் எடுத்தவன் எந்த ஊர்க் கடைத்தெருவில் எடுத்தானோ, அல்லது செட்டுப் போட்டவன் எங்கே பார்த்து எழுதினானோ, தெரியாது. "ஜவுளிக்கடை" என்று நம் எழுத்தில், கொட்டையாக இருந்தது. மேலே இருந்த பெயர் நிழலில் தெரியவில்லை. இரண்டு விநாடி இருக்கும். கைதட்டிய என் கை தட்டியபடியே ஒட்டிக்கொண்டு நின்றது. கொட்டகை விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பலகையைப் படிக்கத் தெரிந்த அத்தனை பேரும் விசில் அடித்தார்கள் என்பதை நான் எப்படி நம்புவது?

அப்பாவைப் பார்த்தேன். இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றிருந்தன.

"அது யாரு கடைம்மா?"

"படம்ப்பா. பொய்க் கடை."

"எழுத்து நம்ம எழுத்தும்மா."

அதற்கு மேல் அவர் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. தூதர் ஏதோ பேசிக் கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கிவிட்டுக் கப்பல் ஏறினார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பேண்டு வாத்தியத்தோடு வழியனுப்பினார்கள். அந்தக் கடைக்காரன் என்ன ஆனான் என்று படத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சாப்பிடாமல் தந்தி ஆபீசுக்குப் போய், கடையை விட்டுவிட்டு உடனே புறப்பட்டு வரும்படி ரங்கூனுக்குத் தந்தி கொடுத்தார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "படம் பாத்துட்டு எவனாவது தந்தி குடுப்பானா?" என்றாள். அப்பா கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அத்தான் சமாதானமாகப் பதில் எழுதினார். இங்கே கொஞ்சம் கெடுபிடிதான், ஆனாலும் நம் தூதரகம் இருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது, மாமா கவலைப்பட வேண்டாம் என்று. முக்கொம்பில் அப்பா சொன்னதைத்தான் அவர் அப்பாவுக்கே திருப்பிச் சொல்லியிருந்தார். அப்பா அதற்குப் பிறகு எத்தனையோ முறை எழுதிப் பார்த்தார். மூன்று தலைமுறைக் கடையை எந்த மனுஷன் மாமனார் பார்த்த சினிமாவுக்காக விட்டுவிட்டு வருவான்?

அடுத்த வருஷம் ஒரு காலை பேப்பரில் வந்துவிட்டது. பர்மாவில் கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டதாம். அப்பா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாசலிலேயே நின்றார். பால்காரர் வந்து கூப்பிட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

அக்காவும் அத்தானும் அவர்கள் பெண் குழந்தையும் கப்பலில் சென்னை வந்து, அங்கிருந்து ரயிலில் திருச்சி ஜங்ஷனில் இறங்கினார்கள். நான் அக்காவைத் தாண்டிப் போய் வேறு யாரையோ தேடினேன். அவள்தான் என்று தெரியவில்லை. காதில் வேப்பங்குச்சி. கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. கல்யாணத்தன்று நகைப் பெட்டிபோல் ஜொலித்தவள். "அடியே, நான்தான்டி" என்று அவள் என் கையைப் பிடித்தாள். சாமான் என்று ஒரே ஒரு தகரப்பெட்டிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் பெட்டியைத் திறந்து துணிகளுக்கு அடியிலிருந்து கொடியை எடுத்தார். வெயிலில் வெளுத்திருந்தது. காவி நிறம் எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது.

"துறைமுகத்துல சோதனை போட்டவன் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான் மாமா. இதையும் பிரிச்சுப் பாத்தான். வெறும் துணின்னு திருப்பிக் குடுத்துட்டான்."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே சந்தோஷமாகச் சொன்னார். பாழாய்ப் போன நல்ல மனுஷன்! கொஞ்சம் திட்டியிருந்தால் அப்பாவுக்கு மனசு லேசாகியிருக்கும் என்று நான் நினைத்தேன். அப்பா கொடியை வாங்கிக்கொண்டு பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஆகஸ்டு பதினைந்துக்குக் கம்பம் நட வேண்டாம் என்றார் அப்பா. அத்தான்தான் நட்டார். தான் கொண்டுவந்த கொடியையே கட்டி ஏற்றினார். பிள்ளைகள் மிட்டாய்க்காக வரிசையில் நின்றார்கள். கொடி மேலே போய்ப் பிரிந்ததும் அத்தான் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பக்கத்தில் நின்ற அப்பா கையைத் தூக்கவில்லை. ஜெயிலில் அடி வாங்கிய கை அது. தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவே அவரைப் பார்த்தது.

அக்கா நடையிலிருந்து இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"தூக்குங்கப்பா" என்றாள் மெதுவாக. "நமக்கு இப்ப இது ஒண்ணுதான் இருக்கு."

அப்பா தூக்கினார். கை நெற்றிவரைக்கும் போகவில்லை. கண்ணை மறைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.